காருக்குக் கொம்பொனன்ட் ஸ்பீக்கர்: தெரிவும் பொருத்தலும்

கொழும்பில் ஓடும் கார்களில் பெருந்தொகையானவை ஜப்பானில் பாவிக்கப்பட்டு இங்கு வந்தவை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டதால், இடைக்காலத்தில் பலரும் கையிலிருந்த காரையே பேணிக் காக்க வேண்டியிருந்தது. அப்படிப் பேணப்பட்ட கார்களில் எஞ்சினுக்கும் கியருக்கும் கிடைத்த கவனிப்பு கதவுக்குள் இருக்கும் ஸ்பீக்கர்களுக்குக் கிடைக்கவில்லை. காகிதக் கூம்பும் அதன் விளிம்பும் ஆண்டுக்கணக்கான ஈரத்திலும் வெயிலிலும் நைந்துபோக, ஒலியைச் சற்றுக் கூட்டினாலே கதவு கரகரக்கத் தொடங்கிவிடுகிறது. அவற்றை மாற்றப் போகிறவருக்கு நான் முதலிலேயே சொல்ல விரும்புவது, ஒதுக்கிய பணம் முழுவதையும் ஸ்பீக்கருக்கே கொடுத்துவிட வேண்டாம் என்பதுதான். நன்றாக அடைத்து இறுக்கிய கதவில் பொருத்திய நடுத்தர விலைச் சோடி, தகரம் அதிரும் கதவில் பொருத்திய விலை உயர்ந்த சோடியைவிடத் தெளிவாக ஒலிக்கும். ஆகவே மூன்றில் ஒரு பங்கையாவது கதவு வேலைக்கென்று எடுத்து வைத்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது.

கார் ஸ்பீக்கர்கள் பொதுவாக இரண்டு வகையில் கிடைக்கின்றன. கோஅக்சியல் என்பது கூம்பின் நடுவிலேயே சிறிய டுவீட்டர் பொருத்தப்பட்ட ஒற்றை ஸ்பீக்கர். கொம்பொனன்ட் என்பதில் தாழ்ந்த, நடுத்தர ஒலிகளுக்கான வூஃபரும், உச்ச ஒலிகளுக்கான டுவீட்டரும், இரண்டுக்கும் உரியதைப் பிரித்தனுப்பும் குரொஸ்ஓவரும் தனித்தனியாக வருகின்றன. ஆறரை அங்குல ஸ்பீக்கரின் அசையும் கூம்பு ஏறத்தாழ 13 சென்டிமீற்றர் அகலமானது. 2,600 ஹேர்ட்ஸ் அளவிலுள்ள ஒலியின் அலைநீளமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்கு மேற்பட்ட ஒலிகளைக் கூம்பு பரவவிடாமல் நேர்முகமாகவே செலுத்துகிறது. கதவின் கீழ்ப்பகுதியில் இருக்கும் ஸ்பீக்கருக்கு நேர்முகமாக இருப்பவை நம் காதுகள் அல்ல, முழங்கால்கள். உச்ச ஒலிகளைத் தனி டுவீட்டரிடம் ஒப்படைத்து அதைக் காதின் மட்டத்துக்கு உயர்த்தும்போது, பாடகரின் குரல் காலடியிலிருந்து எழாமல் கண்ணாடிக்கு முன்னாலிருந்து வருவதுபோல் கேட்கும். கொம்பொனன்டுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதற்கான நியாயம் இதில்தான் இருக்கிறது. பின்கதவுகளுக்கு இந்தச் செலவு வீண். அங்கே சாதாரண கோஅக்சியல் போதும், அதுகூட இல்லாவிட்டாலும் முன்னிருக்கையில் இருப்பவருக்கு ஒரு குறையும் இல்லை.

கடையில் பார்க்க வேண்டியவை

முதலில் அளவு. ஒரே மொடலின் வெவ்வேறு ஆண்டுக் கார்களில்கூட ஸ்பீக்கரின் அளவும் துளைகளின் இடமும் மாறுபடுவதால், கடைக்காரரின் ஞாபகத்தை நம்பாமல் கதவின் உட்பலகையைக் கழற்றி நீங்களே அளந்துகொள்ளுங்கள். வட்டத்தின் விட்டத்தைவிட ஆழமே பலரைச் சிக்கலில் மாட்டுகிறது. கண்ணாடியை முழுவதும் கீழே இறக்கிவிட்டு, தகரத்திலிருந்து கண்ணாடி வரையுள்ள இடைவெளியை அளக்க வேண்டும். ஸ்பீக்கரின் காந்தத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் ஒரு சென்டிமீற்றராவது எஞ்சியிருக்க வேண்டும். சிறிய கார்களில் இந்த இடைவெளி குறைவாகவே இருக்கும். ஸ்பீக்கரை வெளிப்புறமாகத் தள்ளும் வளையத்தைச் சேர்த்தால் ஓரளவு ஈடுசெய்யலாம், ஆனால் அப்போது உட்பலகையின் வலை ஸ்பீக்கரில் முட்டுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது வாட். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் உச்ச வாட்டை முற்றாக மறந்துவிடலாம். தொடர்ச்சியாகத் தாங்கக்கூடிய அளவைக் குறிக்கும் ஆர்எம்எஸ் எண்ணே பயனுள்ளது. இதே பேச்சு டாஷ்போர்ட்டில் இருக்கும் செட்டுக்கும் பொருந்தும்: 50 வாட் வீதம் நான்கு என்று முகப்பில் எழுதியிருந்தாலும், 14 வோல்ட்டில் இயங்கும் செட் ஒன்று 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதைவின்றித் தரக்கூடியது 20 வாட்டைச் சுற்றியே இருக்கும். தனி அம்பிளிபயர் வாங்கும் எண்ணம் இல்லையென்றால், அதிக வாட் தாங்கும் ஸ்பீக்கரைவிட, குறைந்த வாட்டிலேயே உரத்து ஒலிக்கும் ஸ்பீக்கரே உங்களுக்கு உகந்தது. அதைக் காட்டுவது டெசிபெல்லில் தரப்படும் உணர்திறன். மூன்று டெசிபெல் குறைந்தால் அதே உரப்புக்கு இருமடங்கு வாட் தேவைப்படும் என்பதால், 87க்கும் 90க்கும் உள்ள வித்தியாசம் காகிதத்தில் தோன்றுவதுபோல் சிறியதன்று. ஆனால் இங்கும் ஒரு தந்திரம் உண்டு: சில உற்பத்தியாளர்கள் 1 வாட்டில் அளக்கிறார்கள், வேறு சிலர் 2.83 வோல்ட்டில் அளக்கிறார்கள். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்பது 2 வாட் ஆகையால், பின்னவர்களின் எண் மூன்று டெசிபெல் கூடுதலாகத் தெரியும். ஒப்பிடும்போது இரண்டும் ஒரே முறையில் அளக்கப்பட்டவைதானா என்று பாருங்கள்.

கூம்பைப் பொறுத்தவரை, கொழும்பின் மழைக்கு பொலிப்புரொப்பிலீன் கூம்பும் இறப்பர் விளிம்புமே என் தெரிவு. நீர்புகாப் பூச்சு இல்லாத காகிதக் கூம்பு எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும், தென்மேற்குப் பருவமழையில் கதவுக்குள் வழியும் நீருக்கு நெடுநாள் தாக்குப்பிடிக்காது. பஞ்சு விளிம்போ மழை இல்லாமலே வெப்பத்தில் உதிர்ந்துவிடும். டுவீட்டரில் துணிக் குவிமாடம் மென்மையாகவும், உலோகக் குவிமாடம் கூர்மையாகவும் ஒலிப்பது வழக்கம். சிறிய காரில் முன்கண்ணாடி முகத்துக்கு அருகில் இருப்பதாலும், கண்ணாடி உச்ச ஒலியை அப்படியே திருப்பி அனுப்புவதாலும், துணி வகையே நீண்ட பயணத்தில் காதைக் களைப்படையச் செய்யாது.

பஞ்சிகாவத்தையில் பழைய காரிலிருந்து கழற்றிய அசல் ஸ்பீக்கர்கள் மலிவாகக் கிடைப்பதுண்டு. பின்கதவுக்கு அவை போதுமானவை. புறக்கோட்டையில் வாங்கும்போது பெயர் பெற்ற நிறுவனத்தின் பெட்டிக்குள் வேறெதுவும் இருக்கக்கூடும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு, பெட்டியைத் திறந்து பார்த்து, தொடரிலக்கம் பெட்டியிலும் ஸ்பீக்கரிலும் ஒத்திருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். ஒரு மல்டிமீற்றர் கையில் இருந்தால், 4 ஓம் என்று விற்கப்படும் வூஃபரின் முனைகளில் 3 முதல் 4 ஓம் வரையான தடை காட்டுவதைக் கடையிலேயே பார்த்துவிடலாம். காட்சிப் பலகையில் கேட்டுத் தெரிவுசெய்வதை நான் பரிந்துரைப்பதில்லை. மூடிய மரப்பலகையில் பொருத்தப்பட்ட ஸ்பீக்கர் தரும் தாழ்ந்த ஒலியை உங்கள் காரின் கதவு தராது. அத்துடன், சற்று உரத்து ஒலிப்பதே சிறந்தது என்று காது ஏமாந்துவிடும்.

ஜப்பானியக் காரில் இன்னும் அசல் செட் இருந்தால், ஸ்பீக்கர் வாங்கும் முன் அதைப் பற்றியும் முடிவெடுக்க வேண்டியிருக்கும். ஜப்பானின் எஃப்எம் அலைவரிசை 76 முதல் 95 மெகாஹேர்ட்ஸ் வரையானது. இலங்கையில் அது 108 வரை செல்கிறது. அலைவரிசையைக் கீழிறக்கும் சிறு கருவியைப் பொருத்திச் சமாளிப்பவர்கள் பலர். எனினும், ஸ்பீக்கர் மாற்றுவதற்கென்று கதவைத் திறக்கும் அளவுக்கு ஆர்வம் இருப்பவர் செட்டையும் மாற்றிவிடுவதே மேல், ஏனெனில் பின்னர் பேசப்படும் நேரத் தாமதமும் வடிகட்டலும் நல்ல செட்டிலேயே அமைந்திருக்கும். அன்ட்ரொயிட் திரையின் அளவைப் பார்த்து மயங்காமல், இவ்விரு வசதிகளும் இருக்கின்றனவா என்று கேளுங்கள்.

கதவு

வேலையைத் தொடங்கும் முன் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு, பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருங்கள். அக்குவா, பழைய பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில் 12 வோல்ட் பற்றரி எஞ்சினுக்குப் பக்கத்தில் அல்லாமல் காரின் பின்பகுதியில் இருக்கும். செம்மஞ்சள் உறையிட்ட வயர்கள் உயர் மின்னழுத்தத்துக்குரியவை, அவற்றின் பக்கமே போகக் கூடாது. எயார்பேக்குக்குரிய மஞ்சள் இணைப்பிகளுக்கும் அதே விதிதான். பற்றரியைத் திரும்ப இணைத்தபின் தானாக ஏறியிறங்கும் கண்ணாடி தன் பழக்கத்தை மறந்திருந்தால், ஆளியை இழுத்துப் பிடித்து மீண்டும் பழக்க வேண்டியிருக்கும். அது பழுது அல்ல.

உட்பலகையின் திருகாணிகள் கைப்பிடிக் குழிக்குள்ளும் சிறு மூடிகளுக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கும். அவற்றைக் கழற்றியபின் விளிம்பைச் சுற்றியுள்ள கிளிப்புகளைப் பிளாஸ்டிக் நெம்பியால் ஒவ்வொன்றாக விடுவியுங்கள். இரும்புத் திருகாணிச்சாவி பெயின்ட்டைக் கீறினால், அந்த இடத்தில் துரு பிடிப்பதற்குக் காலி முகத்திடல் தொடங்கித் தெகிவளை வரையுள்ள கடற்காற்றுக்கு அதிக காலம் தேவையில்லை. கிளிப்புகள் பழைய காரில் உடைவது இயல்பு. ஒரு பொதியை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பலகைக்குப் பின்னால் ஒட்டப்பட்டிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் குப்பையென்று கிழித்தெறியும் வயரிங் பாஸ்மாரும் உண்டு. கண்ணாடியின் வெளிப்புறத்தில் வழியும் மழைநீர் கதவுக்குள் இறங்கி, அடியிலுள்ள துளைகளால் வெளியேறும்படிதான் கார்க் கதவு அமைக்கப்பட்டிருக்கிறது. அந்த நீர் காருக்குள் வராமல் தடுப்பது இந்தத் தாள். அதை எடுக்க நேர்ந்தால், அதே வேலையைச் செய்யும் வேறொன்றை அதன் இடத்தில் வைத்தாக வேண்டும். கதவை அடைக்கும் வேலையே ஒலிக்கும் நீருக்கும் ஒருசேரப் பதிலாகிவிடுகிறது.

ஏன் அடைக்க வேண்டும்? கூம்பு முன்னே தள்ளும்போது அதன் பின்புறம் காற்றை இழுக்கிறது. முன்னலையும் பின்னலையும் எதிரெதிரானவை. கதவின் உட்தகரத்திலுள்ள பெரிய துளைகளின் வழியாகப் பின்னலை வெளியே வந்து முன்னலையோடு கலந்தால், தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். புதிய ஸ்பீக்கரில் பேஸ் இல்லை என்று குறைப்படுபவர்களில் பெரும்பாலானோர் குறைப்பட வேண்டியது இந்தத் துளைகளைப் பற்றித்தான். ஆகவே முதலில் வெளித்தகரத்தின் உட்பக்கத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, அலுமினியத் தகடு ஒட்டிய பியூட்டில் இறப்பர் ஷீட்டைத் துண்டுகளாக ஒட்டி உருளையால் அழுத்துங்கள். தகரம் முழுவதையும் மூட வேண்டியதில்லை. ஸ்பீக்கருக்கு நேர் பின்னாலும், தட்டினால் தகரப்பீப்பா போல் ஒலிக்கும் நடுப்பகுதியிலும் ஒட்டினாலே அதிர்வு அடங்கிவிடும். அடுத்து உட்தகரத்தின் பெரிய துளைகளை மெல்லிய அலுமினியத் தகட்டாலோ தடித்த பிளாஸ்டிக்காலோ மூடி, அதன் மேல் பியூட்டில் ஷீட்டை ஒட்ட வேண்டும். துளையின் மேல் வெறும் ஷீட்டை மட்டும் ஒட்டினால் அது கூம்புடன் சேர்ந்து உள்ளும் புறமும் அசைந்துகொண்டிருக்கும்.

மலிவான ஷீட்டுகள் தாரால் ஆனவை. குளிர்நாட்டில் அவை பிழைத்துக்கொள்ளக்கூடும்; மதிய வெயிலில் நிறுத்திய காரின் கதவில் இளகி, நழுவி, கண்ணாடி இறங்கும் பாதையில் கறுப்பாக ஒட்டிக்கொள்ளும். மணத்திலேயே வித்தியாசம் தெரியும். கதவின் அடிப்பகுதியிலுள்ள வடிகால் துளைகளை எக்காரணம் கொண்டும் மூடிவிடாதீர்கள். சில புதிய கார்களில் பக்க மோதலை உணரும் அழுத்த உணரி கதவுக்குள்ளேயே இருக்கும். உங்கள் காரில் அது இருந்தால், உட்தகரத்தின் அசல் மூடியை அப்படியே திரும்பப் பொருத்தி, அடைப்பு வேலையை வெளித்தகரத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். காரின் பாதுகாப்பைவிட பேஸ் பெரிதல்ல.

ஸ்பீக்கரைத் தாங்கும் வளையத்துக்கு, மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையைப் பலர் வெட்டித் தருகிறார்கள். இரண்டு மழைக்காலத்தில் அது பிஸ்கட்போல் ஊறி உதிர்ந்துவிடும். பிளாஸ்டிக் வளையமோ, எல்லாப் பக்கமும் வார்னிஷ் பூசிய மரைன் பிளைவூட்டோ வாங்குங்கள். வளையத்துக்கும் தகரத்துக்கும் இடையில் பஞ்சு நாடா ஒட்டி இறுக்க வேண்டும். சிலிக்கன் பூசுவதாயின் வினாகிரி மணம் வீசாத வகையாக இருக்கட்டும், ஏனெனில் அந்த மணத்துக்குக் காரணமான அமிலம் தகரத்தையும் செப்பையும் அரிக்கும். ஸ்பீக்கரின் முன்விளிம்பைச் சுற்றி இன்னொரு பஞ்சு நாடாவை உட்பலகையின் வலையைத் தொடும் உயரத்துக்கு ஒட்டினால், ஒலி பலகைக்குப் பின்னால் சிதறாமல் காருக்குள் முழுமையாக வரும்.

டுவீட்டரின் இடம்

பக்கக் கண்ணாடிக்குப் பின்னாலுள்ள முக்கோணம், முன்தூண், டாஷ்போர்ட்டின் மூலை ஆகிய மூன்றில் முக்கோணமே எனக்குப் பிடித்தது. வூஃபரிலிருந்து டுவீட்டர் அதிகம் விலகினால், இரண்டும் சேர்ந்து ஒலிக்கும் 3,000 ஹேர்ட்ஸ் அளவில், அங்கு அலைநீளம் 11 சென்டிமீற்றர்தான் என்பதால், குரல் இரண்டு இடத்திலிருந்து வருவதுபோல் பிளவுபடும். முன்தூணுக்குள் திரை எயார்பேக் இருக்கும் கார்களில் அதன் உறையைத் துளைப்பதும், அதன் குறுக்கே வயர் இழுப்பதும் ஆபத்தானவை.

துளைக்கும் முன் இரட்டைப்பக்க நாடாவால் தற்காலிகமாக ஒட்டிவைத்துச் சில நாள் கேட்டுப் பாருங்கள். இரண்டு டுவீட்டர்களும் முன்னிருக்கைகளின் தலையணைகளுக்கு நடுவிலுள்ள ஓரிடத்தை நோக்கும்படி திருப்பித் தொடங்கி, கூர்மையாகத் தோன்றினால் சற்று அப்பால் திருப்பலாம். இறுதியில் பொருத்தும்போது திருகாணியையோ உரிய தாங்கியையோ நம்புங்கள். காலையில் ஒட்டிய சாதாரண பசை, கொழும்பின் காலி வீதியில் மதியம் வரை நிறுத்தினால் மாலைக்குள் இளகியிருக்கும்.

வயரும் குரொஸ்ஓவரும்

தடித்த ஸ்பீக்கர் வயரைக் கடைக்காரர் கட்டாயமென்பார். செட்டிலிருந்தோ சிறிய அம்பிளிபயரிலிருந்தோ ஓட்டுவதாயின் காரின் அசல் வயரே போதும்: அரை சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் போகவர ஆறு மீற்றர் ஓடினால் தடை 0.2 ஓம் அளவே, அதனால் ஏற்படும் இழப்பு அரை டெசிபெல்லைக்கூட எட்டாது. கதவுக்கும் தூணுக்கும் இடையிலுள்ள இறப்பர்க் குழாய்க்குள் புதிய வயரை நுழைப்பதில் போகும் அரைநாள் மிச்சமாகும். புதிதாக இழுப்பதாயின் 1.5 சதுர மில்லிமீற்றர் தூய செப்பு வயர், வெள்ளீயம் பூசியதாக இருந்தால் இன்னும் நல்லது. செப்புப் பூச்சிட்ட அலுமினியம் கடலோரக் காற்றில் முனையிலேயே வெளுத்துப் பொடியாகும். அசல் இணைப்பியை வெட்டாமல், காருக்குப் பொருந்தும் மாற்று இணைப்பியைப் பயன்படுத்தினால், காரை விற்கும்போது அசல் ஸ்பீக்கரைத் திரும்பப் பொருத்திவிடலாம்.

குரொஸ்ஓவர் பெட்டியை ஈரமான கதவுக்குள் வைக்க வேண்டாம்; டாஷ்போர்ட்டின் கீழோ காலடியின் பக்கவாட்டிலோ கட்டுங்கள். உள்வரவு, வூஃபர், டுவீட்டர் என்ற முனைகளை இருமுறை பார்த்து இணையுங்கள், ஏனெனில் வூஃபர் முனையில் இணைக்கப்பட்ட டுவீட்டர் முதல் பாட்டிலேயே எரிந்துவிடும். சில கொம்பொனன்ட் தொகுதிகளில் டுவீட்டரின் நேர்முனையும் எதிர்முனையும் மாற்றி இணைக்கும்படி உற்பத்தியாளரின் வரைபடம் சொல்லும். அது அச்சுப்பிழை அன்று. குரொஸ்ஓவரின் வடிகட்டியால் வூஃபரின் ஒலியும் டுவீட்டரின் ஒலியும் ஒன்றுக்கொன்று எதிரெதிராகிவிடுவதால் வேண்டுமென்றே அவ்வாறு செய்யப்படுகிறது. வூஃபரின் நேர்முனையில் ஐயம் இருந்தால் 1.5 வோல்ட் பற்றரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள்: கூம்பு வெளியே தள்ளினால் பற்றரியின் நேர்முனை தொட்ட இடமே ஸ்பீக்கரின் நேர்முனை.

அம்பிளிபயர் சேர்ப்பவர் பற்றரியிலிருந்து வரும் வயரில், பற்றரியிலிருந்து 45 சென்டிமீற்றருக்குள் பியூஸ் ஒன்றைப் போட வேண்டும். அம்பிளிபயருக்காக அல்ல, அந்த வயர் எங்காவது தகரத்தில் உரசினால் கார் தீப்பற்றாமல் இருப்பதற்காக. தரை வயர் குறுகியதாகவும், பெயின்ட் சுரண்டிய தகரத்தில் இறுகியதாகவும் இருக்கட்டும். சமிக்ஞை வயரை மின் வயரோடு சேர்த்துக் கட்டினால் எஞ்சின் வேகத்தோடு ஏறியிறங்கும் சீழ்க்கை ஒன்று பாட்டுக்குள் புகுந்துவிடும்.

அளவுகளைச் சரிசெய்தல்

செட்டின் ஈக்குவலைசர், பேஸ் பூஸ்ட் அனைத்தையும் நிறுத்தி, உரப்பை முக்கால்வாசிக்குக் கொண்டுவாருங்கள். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, 1,000 ஹேர்ட்ஸ் ஒலிப்பதிவை ஓடவிட்டு, அம்பிளிபயரின் வெளிமுனையில் மாறுதிசை வோல்ட்டை அளந்தபடி பெருக்கும் அளவைக் கூட்டிக் குறைக்கும் கெயின் குமிழைத் திருப்ப வேண்டும். இலக்கு எளிய கணக்கு: வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் காணுங்கள். 50 வாட், 4 ஓம் என்றால் 14.1 வோல்ட். அதற்கு மேல் திருப்பினால் உரப்பு கூடாது, சிதைவுதான் கூடும்.

அடுத்து, வூஃபருக்குப் போகும் தாழ்ந்த ஒலிகளை வெட்டுங்கள். அதே உரப்பில் ஒலியின் அதிர்வெண் பாதியாகும்போது கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டியிருப்பதால், ஆறரை அங்குலக் கூம்பிடம் 40 ஹேர்ட்ஸைக் கேட்பது அதை வதைப்பதாகும். மிகத் தாழ்ந்த ஒலிகளுக்கென்று தனியாக சப்வூஃபர் இருந்தால் 80 ஹேர்ட்ஸ், இல்லாவிட்டால் 60 அளவில் வெட்டலாம்.

நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கத்தில் அமர்வதால் வலது ஸ்பீக்கரின் ஒலி முந்தி வந்து, முழுக் கச்சேரியும் வலது கதவுக்குள் நடப்பதுபோல் தோன்றும். ஒலி ஒரு மில்லிசெக்கனில் 34 சென்டிமீற்றர் செல்லும். வலது வூஃபர் உங்கள் தலையிலிருந்து 90 சென்டிமீற்றரிலும் இடது 135 சென்டிமீற்றரிலும் இருந்தால், வலதுக்கு 1.3 மில்லிசெக்கன் தாமதம் கொடுங்கள். அளவுநாடாவால் தொடங்கி, பின்னர் கண்ணை மூடிப் பாடகரின் குரல் டாஷ்போர்ட்டின் நடுவில் நிற்கும்வரை சிறிது சிறிதாக மாற்றுங்கள். இது ஓட்டுநர் ஒருவருக்கு மட்டுமான சலுகை என்பதை அருகில் அமர்பவர் விரைவில் கண்டுபிடித்துவிடுவார். நல்ல செட்டில் இரண்டு அமைப்புகளைச் சேமித்து வைக்கலாம்.

சரிபார்ப்பதற்கு வானொலி உதவாது, எஃப்எம் ஒலிபரப்பு 15,000 ஹேர்ட்ஸுடன் நின்றுவிடுகிறது. நன்றாகப் பதிவுசெய்த கர்நாடகக் கச்சேரி ஒன்றைப் போடுங்கள். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து நாதம் உருண்டு எழுந்து உடனே அடங்க வேண்டும். நீண்டு முழங்கினால் கதவு இன்னும் அதிர்கிறது. வலந்தலையின் தெறிப்பு அதே இடத்திலிருந்து கேட்க வேண்டும், டுவீட்டரிலிருந்து தனியாகப் பறந்து வரக் கூடாது. நாதஸ்வரம் காதைக் குத்தினால் குரொஸ்ஓவரில் டுவீட்டரின் அளவை மூன்று டெசிபெல் குறைத்துப் பாருங்கள். தாழ்ந்த ஒலி மெலிந்து, குரல் எங்கிருந்து வருகிறதென்று பிடிபடாமல் இருந்தால், ஒரு பக்கத்து வூஃபரின் முனைகளை மாற்றி இணைத்துக் கேளுங்கள். சட்டென்று பேஸ் திரண்டு வந்தால், முன்பு இணைத்ததே தவறு. பின்கதவு ஸ்பீக்கர்களை முற்றாக மௌனமாக்கிவிட்டு இவ்வளவையும் செய்தபின், பின்னிருக்கையில் அமர்பவருக்குக் கேட்கும் அளவுக்கு மட்டும் அவற்றை மெல்ல ஏற்றுங்கள்.

சில வாரங்கள் ஓடியபின் உட்பலகையைக் கழற்றாமலே ஒரு சோதனை செய்யலாம்: மழை ஓய்ந்ததும் கதவின் அடியிலிருந்து நீர் சொட்டுகிறதா என்றும், காருக்குள் தரைவிரிப்பு உலர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். விரிப்பு ஈரமாக இருந்தால் அடைப்பின் கீழ்விளிம்பில் எங்கோ வாய் திறந்திருக்கிறது. ஸ்பீக்கரின் முனைகளில் பச்சை படியும் முன் அதைத் திறந்து மீண்டும் ஒட்டிவிட வேண்டும்.